பத்து வருஷத் தவணை

தர்மபுரியிலிருந்து பென்னாகரம் போனாலும் சரி, அரூர் போனாலும் சரி, பாலக்கோடு போனாலும் சரி, வழி நெடுகச் சுவர்களில் ஒரு விளம்பரம் நம்மை விடாமல் தொடர்ந்து வருகின்றது. மூலம், பௌத்திரம் முதலிய வியாதிகள் ஆபரேஷன் இல்லாமல் குணப்படுத்தப்படும் என்பது அதன் சாரம். எழுத்துக்கள் என்னவோ யானை யானையாய் இருக்கின்றன. வைத்தியரின் படிப்பு இன்னது என்பது மட்டும் எந்தச் சுவரிலும் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

சுவர் உள்ளவரையில் அதில் எழுதுகிறவனும் இருப்பான். அவனைக் கடிந்து பயன் இல்லை. அந்த விளம்பரத்துக்கு இத்தனை கிராக்கி ஏன் என்பதே நாம் யோசிக்க வேண்டிய விஷயம். பல் வலி வந்தால் தெருவுக்கே சொல்லுகிறோம். முழங்கால் வலியைக் கல்யாணப் பந்தலில் உட்கார்ந்து விஸ்தாரமாக வர்ணிக்கிறோம். மலத்தில் இரத்தம் கண்டால் மட்டும் கட்டிய மனைவியிடங்கூட வாய் திறப்பதில்லை. ஸ்திரீகளின் நிலைமையைச் சொல்லவே வேண்டாம். "உடம்புச் சூடு" என்று ஒரு பெயர் வைத்து, இரண்டு நாள் மோர் குடித்து, துத்தி இலையை வதக்கித் தின்று, கருணைக் கிழங்குக் குழம்பு வைத்து, அதற்கும் நிற்காவிட்டால் சுவரில் கண்ட விலாசத்தைத் தேடிப் போகிறோம்.

அந்த இரத்தம் பெரும்பாலும் மூலத்தினால் வருவதே என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். யாரையும் பயமுறுத்துவது நம் நோக்கம் அன்று. ஆனால் அதே இரத்தம், அதே நிறத்தில், அதே வழியில், பெருங்குடலில் தோன்றிய புற்றுநோயிலிருந்தும் வரலாம். கண்ணால் பார்த்து இது அது என்று பிரித்துச் சொல்ல எவராலும் இயலாது. இந்த ஒரு விஷயத்தைப் பற்றித்தான் இந்த வாரம் நேயர்களோடு பேச எண்ணுகிறோம்.

தமிழ்நாட்டில் புற்றுநோய் சிகிச்சையின் சரித்திரமே இந்த வியாதியிலிருந்துதான் தொடங்குகின்றது என்று சொன்னால் மிகையாகாது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரை அறியாதவர் இல்லை. 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்து, 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1927-ல் சென்னைச் சட்டசபையில் அங்கம் வகித்த பெருமாட்டி அவர். 1923-ஆம் வருஷத்தில் அவருடைய இளைய சகோதரி மலக்குடல் புற்றுநோயால் காலமானார். நோய் இன்னதென்று தொடக்கத்தில் சரியாக அறியப்படவில்லை. வைத்திய சாஸ்திரம் கரை கண்ட ஒருவரின் குடும்பத்திலேயே இந்தக் கதி என்றால், மற்றவர்களைப் பற்றி என்ன சொல்வது?

அம்மையார் அந்தத் துக்கத்தை வீட்டுக்குள் வைத்துப் பூட்டவில்லை. முப்பது வருஷ காலம் அதைச் சுமந்து, நன்கொடை திரட்டி, சர்க்காரிடம் மன்றாடி, 1952-ல் நேருஜி அடிக்கல் நாட்ட, 1954-ல் அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் நிலையத்தைத் திறந்தார். புற்றுநோய் வந்தவர்கள் எப்படியும் சாகப் போகிறவர்கள்தானே, அவர்களுக்கு எதற்கு ஆஸ்பத்திரி என்று நினைத்தவர்கள் அக்காலத்தில் பலர். அந்த நினைப்பு தவறு என்று நிரூபித்துக் காட்டியது அந்த நிலையம். தவறு என்பதற்கு உரிய காரணத்தை, உடம்பின் மிக நுண்ணிய பகுதிக்குள் புகுந்து விளக்கிக் காட்டியது பிற்காலத்து ஆராய்ச்சி. அதைச் சற்றே விரிவாகப் பார்ப்போம்.

பெருங்குடல் என்பது ஏறக்குறைய ஐந்தடி நீளமுள்ள குழாய். அதன் உட்புறச் சுவரில் லட்சக்கணக்கான சிறு குழிகள் இருக்கின்றன. ஒவ்வொரு குழியின் அடியிலும் சில தாய் உயிரணுக்கள் குடியிருக்கின்றன. அவை பிளந்து பிளந்து புதிய அணுக்களை மேலே அனுப்புகின்றன. மேலே வந்த அணுக்கள் நாலைந்து நாள் வேலை செய்துவிட்டு உதிர்ந்துபோகின்றன. வீட்டுத் திண்ணையை வாரத்துக்கு ஒரு முறை இடித்துப் புதிதாகக் கட்டுவது போல, இந்தச் சுவர் ஆயுள் முழுவதும் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டே இருக்கின்றது.

ஓர் அணு இரண்டாகப் பிளக்கும்போது, அதனுள் இருக்கும் டி.என்.ஏ. என்னும் சுவடி முழுவதையும் பிரதி எடுத்தாக வேண்டும். ஒரு சுவடியில் சுமார் 300 கோடி எழுத்துக்கள். பள்ளிக்கூடத்தில் முப்பது வரிப் பாடத்தைப் பார்த்து எழுதச் சொன்னால் நம் பையன்கள் எத்தனை பிழை விடுகிறார்கள் என்பதை நாம் நித்தியம் பார்க்கிறோம். அணுக்கள் அவர்களைவிட எவ்வளவோ கெட்டிக்காரர்கள். ஆயினும், வருஷக் கணக்கில் ஓயாமல் பிரதி எடுக்கும் இடத்தில் எப்போதாவது ஒரு பிழை விழத்தான் செய்யும். பெரும்பாலான பிழைகளால் தீங்கு இல்லை. சில குறிப்பிட்ட எழுத்துக்களில் விழும் பிழைதான் ஆபத்து.

அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையில் பெர்ட் வோகல்ஸ்டைன் என்னும் டாக்டரும் அவருடைய சகாக்களும் இந்த ஆபத்தான எழுத்துக்கள் எவை என்று தேடத் தொடங்கினார்கள். மற்றப் புற்றுநோய்களில் இல்லாத ஒரு வசதி பெருங்குடலில் அவர்களுக்குக் கிடைத்தது. குடலின் சுவரில் மிளகு போல எழும் சிறு சதை முளை, அது பெரிதாகிச் சுண்டைக்காய் போலானது, நெல்லிக்காய் போலானது, பிறகு புற்றாக மாறியது, அந்தப் புற்று ஈரலுக்குப் பரவியது என்று ஒவ்வொரு படியையும் தனித்தனியே எடுத்துச் சோதிக்க முடிந்தது. அவரும் எரிக் ஃபியரான் என்பவரும் சேர்ந்து 1990-ல் வெளியிட்ட கட்டுரை, புற்றுநோய் ஆராய்ச்சியில் ஒரு புதுப் பாதையைத் திறந்தது. புற்று என்பது ஒரே நாளில் விழும் இடி அன்று; ஒன்றன் மேல் ஒன்றாகச் சேரும் பல பிழைகளின் விளைவு என்பது அக்கட்டுரையின் சாரம்.

அந்தப் பிழைகளை நம் ஜில்லாவின் பாஷையில் சொல்லிப் பார்ப்போம். ஏரிக்கு மடை உண்டு. மடையைத் திறக்கவும் அடைக்கவும் ஓர் ஆள் உண்டு. குடல் அணுவில் 'ஏ.பி.சி.' என்னும் மரபணு அந்த மடைக்காவலின் ஸ்தானத்தில் இருக்கின்றது. அணுவை "பிளந்துகொள், பிளந்துகொள்" என்று தூண்டும் பீட்டா கேட்டினின் என்னும் புரதத்தை வேண்டியபோது மட்டும் விட்டு, மற்ற வேளைகளில் அழித்துவிடுவது அதன் தொழில். 1991-ல் அடையாளம் காணப்பட்ட இந்த மரபணு கெட்டுப் போனால் மடை திறந்தது திறந்தபடியே கிடக்கும். அணு தேவையின்றிப் பெருகும். சதை முளை தோன்றும். ஆனால் இந்த முளை இன்னும் புற்று அன்று.

அடுத்த பிழை பெரும்பாலும் 'கே-ராஸ்' என்னும் மரபணுவில் விழுகின்றது. மின்சார விளக்கின் ஸ்விட்சு ஏற்றிய நிலையிலேயே சிக்கிக்கொண்டது போல, வளர்ச்சிக் கட்டளை ஓயாமல் ஒலிக்கத் தொடங்குகின்றது. முளை பெரிதாகின்றது. பிறகு 'ஸ்மாட்-4' கெட்டால், "போதும், நிறுத்து" என்று அக்கம்பக்கத்து அணுக்கள் சொல்லும் வார்த்தை காதில் விழாமல் போகின்றது. கடைசியில் 'பி-53' என்னும் மரபணு. பழுதான சுவடியுள்ள அணுவைப் பிளக்க விடாமல் நிறுத்தி வைப்பதும், திருத்த இயலாவிட்டால் அதை மாய்த்துவிடுவதும் அதன் உத்தியோகம். அந்த இன்ஸ்பெக்டரும் போய்விட்டால் முளை புற்றாகிச் சுவரைத் துளைக்கின்றது. இந்த வரிசை எல்லாரிடமும் ஒரே மாதிரி இருப்பதில்லை என்பதையும், பிழைகள் எந்த முறையில் வந்தன என்பதைவிட எத்தனை சேர்ந்தன என்பதே முக்கியம் என்பதையும் அந்த 1990-ஆம் வருஷத்துக் கட்டுரையே சொல்லியிருந்தது.

இனி நேயர்கள் கவனிக்க வேண்டிய இடம் வருகின்றது. ஒரு பிழைக்கும் அடுத்த பிழைக்கும் இடையே வருஷங்கள் கழிகின்றன. சிறு முளை ஒன்று புற்றாவதற்குச் சாதாரணமாகப் பத்து வருஷமோ அதற்கு மேலோ செல்லும். பல முளைகள் புற்றாவதே இல்லை. ஆனால் முற்றிய புற்று வேறு உறுப்புக்குப் பரவுவதற்கு இரண்டு வருஷமும் தேவைப்படுவதில்லை என்று, மரபணுப் பிழைகளைக் கணக்கிட்டு, வோகல்ஸ்டைன் குழுவினர் 2008-ல் மதிப்பிட்டார்கள். கடன் கொடுத்தவன் பத்து வருஷம் வாய் திறவாமல் இருந்துவிட்டு, தவணை முடிந்த மறுநாள் அமீனாவோடு வாசலில் வந்து நின்றால் எப்படி இருக்கும்? இந்த வியாதியின் சுபாவம் அப்படிப்பட்டது. தவணை நீளமானது, ஜப்தி வேகமானது.

தவணைக் காலத்திலேயே கணக்கைத் தீர்த்துக்கொள்ள வழி உண்டு. ஒளி பொருந்திய மெல்லிய குழாயை உட்செலுத்திக் குடல் முழுவதையும் பார்த்து, முளை இருந்தால் அதே வேளையில் கிள்ளி எடுத்துவிடலாம். கொலனோஸ்கோபி என்பது அதன் பெயர். இவ்விதம் முளைகளை அகற்றிக்கொண்டவர்களிடம், எதிர்பார்த்ததில் நாலில் மூன்று பங்குக்கு மேல் புற்றுநோய் குறைந்திருந்தது என்று அமெரிக்காவில் 1993-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டியது. அதே வருஷத்தில் மின்னசோட்டா மாகாணத்து ஆராய்ச்சி ஒன்றும் வெளியாயிற்று. 46,000 பேருக்கு மேல் சேர்ந்திருந்த அந்த ஆராய்ச்சியில், மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் உண்டா என்று வருஷந்தோறும் சோதித்துக்கொண்டவர்களிடையே இந்த நோயால் ஏற்படும் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. இந்தச் சோதனைக்கு ஊசி இல்லை, மயக்க மருந்து இல்லை. சிறு குப்பியில் துளி மலம் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும். இரத்தம் உண்டு என்று தெரிந்தவர்கள் மட்டும் குழாய்ப் பரிசோதனைக்குப் போகிறார்கள்.

சிலருக்கு இந்தத் தவணையே கிடைப்பதில்லை. அவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1895-ல் அமெரிக்காவில் ஆல்ட்ரட் வார்தின் என்னும் டாக்டரிடம் அவருக்குத் துணி தைத்துக் கொடுக்கும் பெண் ஒருத்தி, தன் குடும்பத்தார் வயிற்றிலும் கருப்பையிலும் குடலிலும் புற்று வந்தே இறக்கிறார்கள் என்றும், தானும் அப்படியே இளவயதில் இறக்கப் போவதாகவும் சொன்னாள். அவள் சொல் பலித்துவிட்டது. வார்தின் அந்தக் குடும்பத்தின் வரலாற்றை 1913-ல் வெளியிட்டார். 1966-ல் ஹென்றி லிஞ்ச் என்னும் டாக்டர் இப்படிப்பட்ட குடும்பங்களை மறுபடியும் எடுத்து ஆராய்ந்தார். 1993-லும் 1994-லும் அதன் மூலகாரணமான மரபணுக்கள் அகப்பட்டன. எழுதிய பிரதியைப் பிழை பார்த்துத் திருத்தும் மரபணுக்கள் அவை. பிழை திருத்துபவர் இல்லாத அச்சுக்கூடத்தில் புஸ்தகம் எப்படி வெளிவருமோ, அப்படிப் பிழை மலிகின்றது. பத்து வருஷத் தவணை இரண்டு மூன்று வருஷமாகச் சுருங்கிவிடுகின்றது. இதற்கு லிஞ்ச் நோய்க்குறி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வேறு சில குடும்பங்களில் ஏ.பி.சி. மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று பிறவியிலேயே பழுதாக இருக்கும். அவர்களுடைய குடலில் வாலிபத்திலேயே நூற்றுக்கணக்கான முளைகள் தோன்றும். சிகிச்சை செய்யாவிட்டால் நாற்பது வயதுக்குள் புற்று ஏறக்குறைய நிச்சயம்.

நம் பக்கத்துக் குடும்பங்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டிய சேதி மற்றொன்றும் உண்டு. தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் வெளிப்படும் வகை ஒன்றை 2002-ல் பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். 'மியூட்-ஒய்' என்னும் திருத்த மரபணுவில் ஏற்படும் குறை அது. அக்காள் மகளைக் கட்டுவதும் மாமன் மகளைக் கட்டுவதும் நம் ஜில்லாவில் வழிவழி வந்த வழக்கம். அந்த உறவின் இனிமையை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஒரே மூதாதையின் பழுது கணவன் மனைவி இருவரிடமும் இருந்து, இரண்டும் ஒரே குழந்தையிடம் போய்ச் சேர்வதற்கு அந்த உறவில் இடம் அதிகம். குடும்பத்தில் இரண்டு மூன்று பேர் குடல் புற்றாலோ கருப்பைப் புற்றாலோ இறந்திருந்தால், அதிலும் ஐம்பது வயதுக்கு முன்பே இறந்திருந்தால், அந்தச் செய்தியைப் பெண் பார்க்கும்போது மறைக்கும் ரகசியமாக வைக்கலாகாது. வைத்தியரிடம் முதலில் சொல்ல வேண்டிய தகவல் அதுவே.

"இதெல்லாம் மாமிசம் தின்னும் வெள்ளைக்காரர்களுக்கு வரும் வியாதி, களி தின்னும் நமக்கு என்ன?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். அவர் கேள்வியில் பாதி நியாயம் இருக்கின்றது. உலகத்தில் 2022-ல் சுமார் 19 லட்சம் பேருக்கு இந்த நோய் புதிதாகக் கண்டது. சுமார் 9 லட்சம் பேர் இறந்தார்கள். ஜனத்தொகைக்கு விகிதம் பார்த்தால் ஐரோப்பாவைவிட இந்தியாவில் பல மடங்கு குறைவுதான். டெனிஸ் பர்கிட் என்னும் டாக்டர் ஆப்பிரிக்கக் கிராமங்களில் இந்த நோய் அரிதாயிருப்பதைக் கண்டு, நார்ச்சத்து மிகுந்த உணவே அதற்குக் காரணம் என்று 1971-ல் எழுதினார். நார்ச்சத்தைக் குடலில் வாழும் நுண்ணுயிர்கள் புளிக்க வைத்து பியூட்டிரேட் என்னும் அமிலத்தை உண்டாக்குகின்றன. ஆரோக்கியமான குடல் அணுவுக்கு அது ஆகாரம். கெட்டுப்போன அணு அதை எரிக்க மாட்டாது. உள்ளே தேங்கும் அமிலம் அந்த அணுவின் பெருக்கத்தை அடக்குகின்றது. ஆகையால் நம் கேழ்வரகுக் களியும் சாமைச் சோறும் கீரையும் மெச்சத் தக்கவைதாம்.

மற்றப் பாதியை யோசித்துப் பாருங்கள். களி தின்ற வீடுகளில் இப்போது பரோட்டா வேகின்றது. மது, புகை, உடல் பருமன், உடல் உழைப்பின்மை, பதப்படுத்தி விற்கும் மாமிசம் இவையெல்லாம் இந்த நோய்க்கு வழி விடுபவை. அதைவிடக் கவலை தருவது வேறொன்று. பம்பாய் டாடா ஞாபகார்த்த ஆஸ்பத்திரியில் 800 நோயாளிகளைப் பற்றி எழுதி 2017-ல் வெளியிட்ட கணக்கில் சராசரி வயது சுமார் 47. மேல்நாடுகளில் இது பெரும்பாலும் அறுபது தாண்டியவர்களின் வியாதி. இங்கோ, பிள்ளைகளைப் படிக்க வைத்துக்கொண்டிருக்கும் தகப்பனாரை, பெண்ணுக்கு வரன் தேடிக்கொண்டிருக்கும் தாயாரைத் தேடி வருகின்றது.

ஐதராபாத்தில் மரபணுக் கைரேகை ஆராய்ச்சி மையத்தில் முரளிதரன் பாஷ்யம் என்னும் விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் இந்த விஷயத்தில் ஒரு முக்கியமான உண்மையைக் கண்டார்கள். இளவயதில் வரும் மலக்குடல் புற்றுகளை அவர்கள் சோதித்தபோது, மேலே சொன்ன மடைக்காவல் வழி பழுதாகாத கட்டிகள் பல இருந்தன. 2014-ல் அவர்கள் வெளியிட்ட இந்த முடிவின்படி, நம் நாட்டு இளைஞர்களின் வியாதிக்கு வேறு வழியும் இருக்கலாம். பால்டிமோரில் வரைந்த படம் மேலானதுதான். ஆயினும் அதை அப்படியே பெயர்த்துவந்து இங்கே ஒட்டினால் போதாது. நம் வியாதியை நம் ஆராய்ச்சிசாலைகளிலேயே ஆராய வேண்டும். சுதேசியம் என்பது கதர் உடுத்துவதோடு நின்றுவிடுவதில்லை அல்லவா?

கதர் என்றதும் ஒருவர் நினைவுக்கு வருகிறார். பீமவரத்தில் 1895-ல் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் மாணவராக இருந்தபோது காந்திஜியின் சொல்லைக் கேட்டுக் கதர் அணிந்து ரண சிகிச்சைக் கூடத்துக்குப் போனார். அதனால் வெள்ளைக்காரப் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளாகி, முழுப் பட்டம் கிடைக்காமல் சிறு பட்டத்தோடு வெளியேறினார். அமெரிக்கா சென்ற அந்த மனிதரின் தலைமையில்தான், ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உண்டாக்கும் வேலை 1945-ல் வெற்றி பெற்றது. 1948-ல் அவர் காலமானார். 1957-ல் சார்லஸ் ஹைடெல்பெர்கர் என்பவர் வெளியிட்ட ஃபுளூரோயுராசில் என்னும் மருந்து, அந்த அமிலத்தின் உறவான ஃபோலினிக் அமிலத்தோடு சேர்ந்து, பெருங்குடல் புற்றுக்கு இன்றும் கொடுக்கப்படுகின்றது. அணு தன் சுவடியைப் பிரதி எடுப்பதற்கு வேண்டிய மசியையே தடுத்துவிடுவது அதன் வேலை.

அணுவை ஆராய்வதால் ஏழைக்கு என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு இரண்டு உதாரணம் சொல்லுகிறோம். செட்டுக்ஸிமாப் என்று விலை உயர்ந்த மருந்து ஒன்று உண்டு. கே-ராஸ் மரபணு கெட்டிருப்பவர்களுக்கு அதனால் பயனில்லை என்பது 2008-ல் தெளிவாயிற்று. ஆகவே, நிலத்தை விற்று மருந்து வாங்குவதற்கு முன்பு கட்டியின் மரபணுவைச் சோதித்தாகிவிட்டதா என்று கேட்கிற குடும்பம், பிழைக்காத மருந்துக்குப் பணத்தைக் கொட்டாமல் தப்பும். மற்றொன்று: பிழை திருத்தும் மரபணு கெட்டதால் வந்த மலக்குடல் புற்று உள்ள 12 பேருக்கு, உடம்பின் தற்காப்புச் சக்தியையே தட்டி எழுப்பும் மருந்தை நியூயார்க்கில் கொடுத்துப் பார்த்தார்கள். பன்னிரண்டு பேரிடமும் கட்டி இருந்த இடம் தெரியாமல் மறைந்தது என்று 2022-ல் அறிவித்தார்கள். ரண சிகிச்சையும் வேண்டியிருக்கவில்லை. அந்த மருந்தின் விலை நமக்கு எட்டாத உயரத்தில் இருப்பது வேறு விஷயம்; கதவு ஒன்று திறந்திருப்பது உண்மை.

இத்தனை வித்தையும் தாமதத்தின் முன்னே தலை குனிகின்றது. நம்மிடம் படித்த பையன் ஒருவனின் தகப்பனார், ஒன்றரை வருஷம் மூலத்துக்கு மருந்து சாப்பிட்டார். ஆளுக்கு ஒரு பொட்டலம், வாரத்துக்கு ஒரு நடை. ஒருவராவது விரலால் தொட்டுப் பரிசோதிக்கவில்லை. மலக்குடல் கட்டிகளில் பல விரலுக்கே அகப்படக்கூடியவை. கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஈரலில் பரவிவிட்டது. பையன் பன்னிரண்டாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு வேலைக்குப் போனான். குடலுக்குள்ளேயே இருக்கும்போது கண்டுபிடித்தால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ஐந்து வருஷம் தாண்டி வாழ்கிறார்கள். வேறு உறுப்புக்குப் பரவிய பிறகு கண்டால் நூற்றுக்குச் சுமார் பதினைந்து பேர்தாம் என்று அமெரிக்கக் கணக்கு சொல்லுகின்றது. தொண்ணூறுக்கும் பதினைந்துக்கும் இடையே இருப்பது பெரும்பாலும் வெட்கம் ஒன்றுதான்.

இந்த வெட்கம் நம் ஜில்லாவுக்குத் தகாது. பாப்பாரப்பட்டியில் 1925-ல் கண்மூடிய சுப்பிரமணிய சிவா வாழ்ந்த மண் என்று நாம் பெருமை பேசுகிறோம். சிறையில் பெற்ற குஷ்ட ரோகத்தோடு, ரயிலில் ஏறக் கூடாது என்று சர்க்கார் தடுத்த பின்பும், ஊர் ஊராகப் போய்த் தேசத்தொண்டு செய்தவர் அவர். வியாதி அவரைச் சிறியவர் ஆக்கிவிடவில்லை. அதியமான் ஆண்ட தகடூர் என்றும் பெருமை பேசுகிறோம். ஆயுளை நீட்டிக்கும் நெல்லிக்கனி தன் கைக்கு வந்தபோது அதை அவன் ஔவைக்குக் கொடுத்தான் என்பது கதை. நம்மிடம் அத்தனை பெரிய தியாகத்தை யாரும் கேட்கவில்லை. வீட்டில் உள்ள பெரியவரை ஒரு முறை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனால் போதும்.

நேயர்கள் ஞாபகத்தில் வைக்க வேண்டியவை சிலவே. மலத்தில் இரத்தம் கண்டால் சுவர் விளம்பரத்தை நாடாமல் பட்டம் பெற்ற டாக்டரிடம் போக வேண்டும். விரலால் பரிசோதிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். மலம் கழிக்கும் வழக்கம் காரணமின்றி மாறிச் சில வாரம் நீடித்தால் அலட்சியம் கூடாது. ஆண்களுக்கும், மாதவிலக்கு நின்ற ஸ்திரீகளுக்கும் இரத்தசோகை கண்டால் இரும்புச் சத்து மாத்திரையோடு நிறுத்திவிடாமல், இரத்தம் எங்கே போகின்றது என்று விசாரிக்க வேண்டும். உடம்பு இளைத்தாலும் அப்படியே. குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் வந்திருந்தால், மற்றவர்கள் எந்த வயதில் சோதித்துக்கொள்ள வேண்டும் என்பதை டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சர்க்காருக்கும் ஒரு வார்த்தை. 2016-ல் மத்திய சர்க்கார் வகுத்த பொதுஜனப் பரிசோதனைத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்று இடத்துப் புற்றுகளே இடம் பெற்றன. நோய் அதிகமான இடத்தில் முதலில் பணம் செலவிடுவது நியாயமே. அதைக் குறை சொல்லவில்லை. அமெரிக்காவில் 50 வயதில் தொடங்கிய குடல் பரிசோதனையை 2021-ல் 45 வயதுக்கு இறக்கினார்கள். இங்கே எல்லாருக்கும் அந்தப் பரிசோதனை செய்யப் பணம் இல்லாமல் இருக்கலாம். இரத்தம் கண்டதாகச் சொல்லி வரும் ஏழையைச் சோதித்துப் பார்க்காமல் களிம்பு கொடுத்து அனுப்பாதிருப்பதற்குப் பெரிய பணம் ஒன்றும் வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு ஜோடிக் கையுறையும் சற்றுப் பொறுமையும் இருந்தால் ஆகும்.

பள்ளிக்கூடத்தில் ஜீரண உறுப்புகளைப் பற்றிப் பாடம் நடத்தும்போது, சிறுகுடல் வரையில் உற்சாகமாகப் பேசிவிட்டு, பெருங்குடல் வந்ததும் இரண்டு வரியில் முடித்துவிடுவது நம் ஆசிரியர்களின் வழக்கம். பின்வரிசையில் பையன்கள் சிரிப்பார்கள் என்ற பயம். சிரிக்கட்டுமே! சிரித்து முடித்தபின் கேட்பார்கள். கேட்ட பையன் வீட்டுக்குப் போய்த் தன் தாத்தாவிடம் ஒரு கேள்வி கேட்பான். அந்தக் கேள்விக்குத் தாத்தா உண்மையான பதிலைச் சொன்னாரானால், தவணை முடிவதற்குள் ஒரு கடன் தீர்ந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.